முறிக்காத குழை

காட்டு வாசலில் நின்ற அறிவித்தல் பலகையை நான் சத்தமாக வாசித்தேன். அப்படி வாசிக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. என்னோடு வந்த தோழி ஆங்கில ஆசிரியை. மூன்று மொழியிலும் எழுதியிருந்ததை அவளே வாசித்திருப்பாள். அம்மாவுக்காகத்தான் வாசித்தேன் என்று அன்று யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

"இது பாதுகாக்கப்பட்ட காடு. மரங்களை வெட்டுதல், கிளைகளை முறித்தல், தேன் எடுத்தல், தீ மூட்டுதல் தண்டனைக்குரிய குற்றமாகும்."

அம்மாவின் கை அப்போது பாதையோரத்து மரம் ஒன்றின் குழையில், இலையோடு நின்ற இளங்கிளையில், இருந்தது. பாதி வளைத்திருந்தார். காட்டுக்குள் காலடி வைப்பவர்கள் ஒரு குழையை முறித்து முதல் மரத்தில் ஐயனாருக்கென்று தொங்கவிடுவார்கள். அதன்பிறகு பாதை திரும்பும் இடங்களிலெல்லாம் ஒரு குழையை முறித்து, நுனி வந்த பக்கத்தைப் பார்க்கும்படி விட்டுக்கொண்டு போவார்கள். திரும்பி வரும்போது அந்தக் குழைகளைப் பார்த்து வரலாம். எங்கள் ஊரில் விறகுக்குப் போகும் பெண்கள் எல்லோரும் இப்படித்தான். அம்மாவுக்கு அது காட்டுக்குள் மூச்சு விடுவதைப் போல.

"அம்மா, கையை எடுங்கோ. இப்பதானே வாசிச்சனான்."

"சாமிக்கு ஒண்ணே ஒண்ணு புள்ள."

"ஒண்டும் வேண்டாம். பிடிச்சால் நான் தான் பதில் சொல்லோணும். படிப்பிக்கிற ஆள்."

அம்மா குழையை விட்டார். அது மேலே எழும்பிக் கொஞ்ச நேரம் ஆடியது. "சரி ரீச்சர்" என்றார். தோழி சிரித்தாள். நானும் சிரித்தேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அம்மாவைப் பெற்றவர்கள் கலவரத்துக்குத் தப்பி தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்தவர்கள். அதனால் அம்மாவின் வாயில் மலைநாட்டுப் பேச்சும் இந்த ஊர்ப் பேச்சும் கலந்து வரும். துணுக்காய்ப் பக்கத்து வயல்களில் களை பிடுங்கி, நெல் அரிவி வெட்டி, வேலை இல்லாத மாதங்களில் காட்டில் விறகு பொறுக்கி, அம்மா என்னைப் படிப்பித்தார். அப்பா நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே இறந்துவிட்டார். எனக்கு அம்மாவும் அம்மாவுக்கு நானும். வேறு யாருமில்லை. நான் பல்கலைக்கழகத்தில் சூழலியல் படித்து விஞ்ஞான ஆசிரியையாக வந்தபோது, என் தலை சற்று நிமிர்ந்துதான் இருந்தது. அதில் தவறில்லை என்றே இன்றும் நினைக்கிறேன். எங்கே நிமிர்த்தக் கூடாது என்பதுதான் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த தோழிதான் காட்டுக்குள் நடக்க வேண்டும் என்று கேட்டவள். பக்கத்துப் பிரதேசக் காடொன்றில் நடைபாதை திறந்து, மரங்களில் மஞ்சள் அம்புக்குறி போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டோம். நான் அம்மாவையும் கூப்பிட்டேன்.

"காட்டப் பாக்கவா? பஸ்ஸு ஏறியா?" என்று அம்மா வாய்விட்டுச் சிரித்தார்.

"இவ்வளவு காலமும் விறகுக்குத்தானே போனீங்கள். ஒரு நாளைக்குச் சும்மா நடக்கிறதுக்கு வாங்கோ. விறகுக்குப் போற மாதிரி உடுத்திக்கொண்டு வராதேங்கோ."

அதனால்தான் அம்மா அந்தக் கத்தரிப்பூ நிறச் சீலையை உடுத்திக்கொண்டு வந்தார். என் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த நூல் சீலை. கோயிலுக்கு மட்டும் எடுப்பது. மற்ற நாளெல்லாம் அலுமாரியில் மடித்தபடி இருக்கும்.

வாசலில் ஒரு சின்னக் கொட்டில். அங்கே இருந்த வனக் காவலர் தண்ணீரூற்று என்ற ஊர்ப் பக்கத்து மனிதர், ஐம்பது வயதிருக்கும். பதிவேட்டில் எங்கள் மூவரின் விவரத்தையும் நானே எழுதினேன். "பின்னேரம் அஞ்சு மணிக்கு முன்னம் வந்திடுங்கோ. குளத்துக்குத் தண்ணிக்கு அவையள் வருவினம்" என்றார் காவலர். அவையள் என்றால் யானைகள். காட்டுக்குள் அந்தச் சொல்லை ஒருவரும் சொல்வதில்லை.

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை அது. தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று மர உச்சிகளைப் பிடித்து உலுப்பியது. கீழே பாதையில் காற்றே இல்லை, மேலே மட்டும் இரைச்சல். நான் தோழிக்கு மரங்களைக் காட்டி, அவற்றின் விஞ்ஞானப் பெயர்களைச் சொல்லிக்கொண்டு நடந்தேன். மூன்றாவது மரத்திலேயே தோழி என்னை விட்டுவிட்டு அம்மாவிடம் போய்விட்டாள்.

"அன்ரி, இது என்ன மரம்?"

"இது வீரை. அடுப்புல வச்சா படபடன்னு வெடிக்கும். கிட்ட குந்துனா கண்ணு போயிரும்."

"அப்ப இது?"

"முதிர. இத வெட்டித்தான் ஊருல பாதிப் பேரு கதவு போட்டான். பாதிப் பேரு உள்ள போனான்."

தோழி விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு உள்ளே ஏதோ குத்தியது. காடு என்னுடைய பாடம். அம்மா அதைத் தன் அடுப்பாக்கிவிட்டார் என்று தோன்றியது. பாதை திரும்பும்போதெல்லாம் அம்மாவின் கை தானாகக் குழைக்குப் போனது. நான் ஒவ்வொரு முறையும் "அம்மா" என்றேன். நாலாவது முறை கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டேன். "கையை வைச்சுக்கொண்டு சும்மா வரத் தெரியாதோ? இவ்வளவு அம்புக்குறி போட்டிருக்கு. முறிச்சுப் போட்டு வழி பார்க்கிறதுக்கு இது என்ன அந்தக் காலமோ?"

அம்மா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அதற்குப்பிறகு அப்படியேதான் நடந்தார், பள்ளிக்கூடத்தில் தண்டனை பெற்ற பிள்ளையைப் போல.

பதினொரு மணிக்குப் பாதை இரண்டாகப் பிரியும் இடத்துக்கு வந்தோம். அங்கே மரக்குற்றிகளால் செய்த ஒரு நீள வாங்கில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தோம். தோழி பாலைப்பழம் சாப்பிட்டதே இல்லை என்றாள். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வாற வழியில ஒரு பால நின்னுச்சி, உள்ளுக்க. மஞ்ச மஞ்சளா. நான் கொண்டாறேன், இருங்க."

"அம்மா, பிடுங்கக் கூடாது."

"விழுந்து கெடக்கிறதப் பொறுக்கிட்டு வாறேன். பொறுக்கிறதுக்கும் போர்ட் இருக்கா?"

தோழி மறுபடியும் சிரித்தாள். நான் "பத்து நிமிசம்" என்றேன். அம்மா பாதையை விட்டு இறங்கிப் பற்றைகளுக்கு நடுவே போனார். கத்தரிப்பூ நிறம் கொஞ்சத் தூரம் தெரிந்தது. பிறகு தெரியவில்லை.

அந்த நேரத்தில் நான் என்ன செய்தேன் என்பதை எழுதத்தான் வேண்டும். போனை எடுத்துத் தோழியும் நானுமாகப் படம் பிடித்தோம். வாங்கில் உட்கார்ந்து ஒன்று, மரத்தைப் பிடித்துக்கொண்டு ஒன்று. அம்மா இல்லாத நேரத்தில் எடுத்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்ததும் எனக்கு ஞாபகமிருக்கிறது. பதினேழு படங்கள். ஒன்றிலும் அம்மா இல்லை.

பத்து நிமிடம் அரை மணித்தியாலமாகியது. "அம்மா" என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. மேலே காற்று இரைந்தது. இன்னும் உரக்கக் கூப்பிட்டேன். அம்மா இறங்கிய இடத்தில் நானும் இறங்கிப் போய்ப் பாலை மரத்தைத் தேடினேன். பாலை மரங்கள் ஐந்தாறு நின்றன. எதன் அடியில் போனார் என்று தெரியவில்லை. பழம் எல்லா மரத்தடியிலும் கிடந்தது. குரங்குகள் தின்று எறிந்த கொட்டையும் கிடந்தது. மனிதர் வந்து போனதற்கு ஓர் அடையாளமும் இல்லை. முறிந்த ஒரு குழைகூட இல்லை.

அம்மாவுக்குக் காடு தெரியும் என்று என்னை நானே சமாதானப்படுத்தினேன். அம்மாவுக்குத் தெரிந்தது எங்கள் ஊர்க் காடு. அங்கே ஒவ்வொரு மரமும் அவருக்குத் தெரியும். இங்கே ஒரு மரமும் தெரியாது. தெரியாத காட்டில் போய்வர அவர் வைத்திருந்த ஒரே வழியை நான் காலையிலேயே பிடுங்கிக்கொண்டேன். அம்புக்குறிக்குப் பக்கத்தில் வாசல், குளம் என்று எழுதியிருந்த எழுத்தும் அவருக்கு வாசிக்கத் தெரியாது. அவருடைய போன் என் பையில் இருந்தது. இருந்தாலும் அங்கே சிக்னல் இல்லை. காலையில் சீனி வருத்தத்துக்கு, அதுதான் நீரிழிவுக்கு, குளிசை போட்டிருந்தார். நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் அவருக்கு வியர்த்து, கைகால் நடுங்கும். ஒருமுறை வயலில் விழுந்தும் இருக்கிறார்.

தோழியைப் பாதை பிரியும் இடத்திலேயே நிற்கச் சொல்லிவிட்டுக் கொட்டிலுக்கு ஓடினேன். எவ்வளவு தூரம் ஓடினேன் என்று தெரியாது. செருப்பு ஒன்று கழன்றதைக் கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

காவலர் நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். கேட்டுவிட்டு, கத்தியையும் தண்ணீர்ப் போத்தலையும் எடுத்துக்கொண்டே, "பயப்பிடாதேங்கோ தங்கச்சி. ஊர்க்காட்டுக்குப் போய்ப் பழகின ஆள் எண்டால் கட்டாயம் குழை முறிச்சுப் போட்டிருப்பா. அதைப் பிடிச்சுக்கொண்டே போகலாம்" என்றார்.

நான் செருப்பில்லாத காலைப் பார்த்தேன்.

"என்ன, முறிக்கிற பழக்கம் இல்லையோ?"

"இருக்கு. நான் தான் வேண்டாம் எண்டனான்."

"ஏன்?"

நான் பலகையைக் காட்டினேன். அவர் பலகையையும் என்னையும் பார்த்தார். "அது லொறியில மரம் ஏத்துறவனுக்கு எழுதினது, பிள்ளை" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் என் மாணவர்களுக்கு நான் சொல்வதைப் போல மெதுவாகச் சொன்னார்.

கொட்டிலுக்குப் பின்னால் ஒரு வெறும் எண்ணெய்த் தகரம் கிடந்தது. அதையும் எடுத்துக்கொண்டு பாதை பிரியும் இடத்துக்கு வந்தோம். காவலர் அதைத் தோழியிடம் கொடுத்து, ஒரு கட்டையையும் கொடுத்தார். "இந்த இடத்திலயே நிண்டு அடிச்சுக்கொண்டிருங்கோ. சத்தத்தைப் பிடிச்சு அவா வருவா. விடாதேங்கோ, கை நொந்தாலும்." தோழி அழுதுகொண்டே அடிக்கத் தொடங்கினாள். நாங்கள் உள்ளே இறங்கினோம்.

"இது மிதிவெடி அகற்றின காடுதான்" என்றார் காவலர், நடந்துகொண்டே. "எண்டாலும் மழைக்கு மண் கரைஞ்சு என்ன மேல வரும் எண்டு ஆருக்குத் தெரியும்? மாடு, மான், மரை நடந்த தடத்தில மட்டும் கால் வையுங்கோ." அதன்பிறகு நான் மேலே பார்க்கவில்லை. நிலத்தையே பார்த்து நடந்தேன். அம்மா நிலத்தைப் பார்த்து நடக்கிற ஆள்தானா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். நான் "அம்மா, அம்மா" என்று கத்தினேன். காவலர் ஒருமுறை நின்று சொன்னார்: "அப்பிடிக் கத்தினால் தொண்டைதான் போகும். கூ எண்டு அடியுங்கோ. காட்டுக்க அதுதான் போகும்."

எனக்குக் கூ அடிக்கத் தெரியும். சின்ன வயதில் விறகுக்குப் போகும்போது அம்மாவும் நானும் அப்படித்தான் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொள்வோம். நீளமாக ஒன்று, சட்டென்று முடியும் குட்டையாக ஒன்று. அது எங்கள் கூ. முல்லைத்தீவுக்கு உயர்தரம் படிக்கப் போன முதல் வாரம் விடுதி மைதானத்தில் ஒரு பிள்ளையை அப்படிக் கூப்பிட்டேன். "காட்டுக் கோழி" என்று எனக்குப் பட்டம் வைத்தார்கள். அதன்பிறகு நான் கூ அடித்ததில்லை. அன்று வாயைக் குவித்தேன். வெறும் காற்றுத்தான் வந்தது.

இரண்டு மணிக்குப் பிறகு, ஒரு காரைமுள்ளுப் பற்றையில், அந்தக் கத்தரிப்பூ நிறத்தைக் கண்டேன். கைநீளத் துணி. கிழிந்த ஓரத்தில் நூல் தொங்கியது. கரடி என்றுதான் முதலில் நினைத்தேன். பாலைப்பழக் காலத்தில் கரடியும் அதே மரத்தடிக்குத்தான் வரும். அந்தத் துணியைத் தொட எனக்குத் துணிவில்லை. நான் மண்ணில் உட்கார்ந்துகொண்டு, இல்லை, இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். காவலர் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தார்.

"எழும்புங்கோ. இது கிழிபட்டது இல்லை. கட்டினது."

முள்ளுக்கொப்பைச் சுற்றி இரண்டு சுற்று, நுனியை உள்ளே கொடுத்து ஓர் இழுவை. விறகுக் கட்டுக்கு அம்மா போடும் முடிச்சு. இரத்தம் இல்லை. துணியின் ஒரு பக்கம் பல்லால் கடித்திருந்த ஈரம் காய்ந்து கறையாகியிருந்தது.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. வழி தெரியவில்லை என்று கண்டதும் அம்மா ஒரு குழையைப் பிடித்திருப்பார். என் குரல் ஞாபகம் வந்திருக்கும். விட்டுவிட்டுச் சீலையைக் கிழித்திருக்கிறார். ஆளில்லாத காட்டில், யாரும் பார்க்காத இடத்தில், வழி தவறி, பசியோடு நின்றுகொண்டும் நான் வேண்டாமென்று சொன்னதை அவர் செய்யவில்லை.

அடுத்த துணி ஐம்பது அடிக்குள் இருந்தது. அதற்கடுத்தது இன்னும் தள்ளி. நாங்கள் கிட்டத்தட்ட ஓடினோம். ஏழாவது துணிக்குப் பிறகு காவலர் நின்றார். முகத்தைச் சுருக்கினார்.

"விளங்கேல்ல. தகரச் சத்தம் பின்னால கேட்குது. இவா அதை விட்டு அங்கால அங்கால போயிருக்கிறா. காது கேட்காதோ?"

"காது நல்லாக் கேட்கும்."

சொல்லும்போதே எனக்கு ஊர் ஞாபகம் வந்தது. தகரம் அடிக்கும் சத்தம் கேட்டால் எங்கள் ஊரில் யார் அதை நோக்கிப் போவார்கள்? வயல் காவலில் இருப்பவர்கள் யானையைக் கலைக்கத் தகரம் அடிப்பார்கள். அடிக்கும் பக்கத்திலிருந்து யானை மற்றப் பக்கம் ஓடிவரும். தகரம் கேட்டால் குறுக்கே போகாதே, விலகி ஓடு என்று எனக்கு நாலு வயதில் சொல்லித் தந்தவரே அம்மாதான். நானே அரிவி வெட்டுக் காலத்தில் பரணில் ஏறித் தகரம் அடித்திருக்கிறேன். கொட்டிலில் காவலர் அந்தத் தகரத்தை எடுக்கும்போது இது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. இரண்டு மணித்தியாலமாக நாங்கள் அம்மாவை எங்களிடமிருந்து துரத்திக்கொண்டிருந்தோம்.

நான் சொன்னதும் காவலர் தலையில் கையை வைத்தார். "ஐயோ, எனக்கல்லோ விளங்கியிருக்கோணும். நான் ஓடிப்போய் நிப்பாட்டுறன். நீங்கள் இந்த இடத்தை விட்டு ஒரு அடி அசையக் கூடாது. அசைஞ்சால் ரெண்டு பேரைத் தேட வேண்டி வரும்." அவர் வந்த வழியே போனார்.

நான் ஒரு முதிரை மரத்தில் முதுகைச் சாய்த்து நின்றேன். அந்த அரை மணித்தியாலத்தைப் போல ஒரு நேரம் என் வாழ்க்கையில் இல்லை. தகரம் ஒரே சீராக, ஒரே சீராகக் கேட்டது. ஒவ்வோர் அடிக்கும் அம்மா இன்னும் ஓர் அடி விலகிப் போகிறார் என்று எனக்குத் தெரியும். நிறுத்தச் சொல்லவும் முடியாது, ஓடவும் முடியாது. வெயில் மஞ்சளாகத் தொடங்கிவிட்டது. தடத்தில் பச்சையாக யானைப் பிண்டம் கிடந்தது, ஆவி பறக்கவில்லை, ஆனால் ஈக்கள் இருந்தன. ஐயனாரே, அந்த ஒரு குழையை நான் தடுத்துவிட்டேன், என்னை என்னவும் செய், அவரை விட்டுவிடு என்று சொன்னேன். படித்த நாளிலிருந்து நான் நேர்த்திக்கடன் வைத்ததில்லை. அன்று ஐயனாரிடமும் பிள்ளையாரிடமும், பெயர் தெரிந்த எல்லோரிடமும் வைத்தேன். அம்மா கிடைக்காமல் போனால் நான் எந்த வீட்டுக்குத் திரும்புவது, குசினியில் அவர் கவிழ்த்துவைத்த சட்டியை யார் நிமிர்த்துவது என்று நினைத்தபோது, சத்தம் போட்டு அழுதேன்.

தகரம் நின்றது.

காற்றும் அந்த நேரம் கொஞ்சம் தணிந்திருந்தது. நான் இரண்டு கைகளையும் வாய்க்கு வைத்தேன். முதல் தரம் உடைந்தது. இரண்டாம் தரம் வந்தது. நீளமாக ஒன்று, குட்டையாக ஒன்று. காது கொடுத்தேன். ஒன்றுமில்லை. மறுபடி அடித்தேன். மறுபடி. தொண்டையில் இரத்தம் ருசித்தது.

எத்தனையாவது தரம் என்று தெரியாது. வலது பக்கத்தில், மிகத் தூரத்தில், ஒரு கூ. நீளமானது மட்டும். குட்டையானதை முடிக்கப் பெலம் இல்லை என்று எனக்கு விளங்கியது.

அசையக் கூடாது என்று காவலர் சொன்னது ஞாபகமிருந்தது. நான் எட்டிப் பக்கத்துப் பாலையின் குழை ஒன்றை முறித்தேன். பால் கையில் வடிந்தது. நுனியை நான் நின்ற பக்கம் திருப்பி விட்டுவிட்டு நடந்தேன். பத்தடிக்கு ஒன்றாக முறித்துக்கொண்டே போனேன். பாதுகாக்கப்பட்ட காட்டில் நான் எத்தனை கிளைகளை முறித்தேன் என்று எண்ணவில்லை.

விழுந்து கிடந்த ஒரு மரத்தில் அம்மா உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்து, முடியாமல் மறுபடி உட்கார்ந்தார். சீலையின் பாதி போயிருந்தது. மிச்சத்தை மார்புக்குக் குறுக்கே இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். பாவாடை முழங்காலுக்குக் கீழே முள்ளில் கிழிந்திருந்தது. முகமெல்லாம் வியர்வை, உதடு நடுங்கியது. மடியில் பாலைப்பழத்தை முடிந்து வைத்திருந்தார். பாதி நசுங்கிப் பால் கசிந்து சீலையில் ஒட்டியிருந்தது. அதில் நாலைந்து சாப்பிட்டிருக்கிறார். அதனால்தான் விழாமல் இருந்திருக்க வேண்டும்.

நான் கிட்டப் போகுமுன் அவர் சொன்னார்:

"சீலையக் கிழிச்சிட்டேன் புள்ள. ஏசாத."

நான் என்ன சொன்னேன் என்று தெரியாது. கட்டிப் பிடித்தேன். அவர் என் முதுகைத் தட்டிக்கொண்டே சுற்றிலும் பார்த்தார். "சத்தம் போடாத. இந்தப் பக்கந்தான் கலைக்கிறானுங்க. தகரம் கேட்டிச்சில்ல? இவ்வளவு நேரமும் அதுக்குத்தான் விலகி விலகி வந்தேன். போயிருச்சா?"

"போயிட்டுது அம்மா."

"கொப்பு ஒண்ணும் முறிக்கல. நீ வேணுமின்னா பாரு."

எல்லாவற்றையும் தாங்கிய எனக்கு அதைத் தாங்க முடியவில்லை. என் அம்மா காட்டுக்குள் கரடிக்குப் பயந்திருக்கிறார், யானைக்குப் பயந்திருக்கிறார். அவற்றோடு சேர்த்து எனக்கும் பயந்திருக்கிறார். நான் மேசையில் அடித்துப் பிள்ளைகளை அடக்கும் அதே குரலை வீட்டில் எத்தனை வருடமாக வைத்திருந்தேன் என்று அந்த மரத்தில் இருந்துகொண்டு யோசித்தேன்.

காவலர் என் குழைகளைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். அம்மா அவரைக் கண்டதும் பதறி, "நில்லுங்க, நில்லுங்க, கிட்ட வராதீங்க" என்று தன்னை மறைத்துக்கொண்டார். நான் என் துப்பட்டாவை எடுத்து அவரைச் சுற்றினேன். காவலர் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டே தண்ணீர்ப் போத்தலையும் சட்டைப் பையிலிருந்த இரண்டு இனிப்பையும் நீட்டினார். "அக்கா, உங்களைத் துரத்தினது நான்தான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றார். அம்மாவுக்கு விளங்கவில்லை. வழியில் நான் விளக்கினேன். அவர் நின்று என்னைப் பார்த்தார்.

"தகரமா அடிச்சீங்க? என்னைக் கூப்பிடவா?" சிரிக்கத் தொடங்கி இருமலில் முடித்தார். "நாலு வயசில சொல்லிக் குடுத்தேனே, புள்ள."

திரும்பும் வழியில் முறிந்த குழைகளைக் கண்டு, "இது யாரு?" என்று கேட்டார். "நான்" என்றேன். ஒரு குழையைத் தொட்டுப் பார்த்தார். "நுனிய இன்னுங் கொஞ்சம் தாழ்த்தி விடணும். இது காத்துக்குத் திரும்பிரும்." என் தோளில் அவர் பாரம் முழுவதும் இருந்தது.

தோழி அதே இடத்தில் தகரத்தை மடியில் வைத்தபடி இருந்தாள். அவளுடைய உள்ளங்கை கொப்பளித்து உடைந்திருந்தது. அம்மா மடியை அவிழ்த்து, நசுங்காத பழங்களைப் பொறுக்கி அவளிடம் கொடுத்தார். அவள் அழுதுகொண்டே சாப்பிட்டாள். உதடெல்லாம் பால் ஒட்டிக்கொண்டது.

கொட்டிலுக்கு வரும்போது ஐந்தரை. காவலர் பதிவேட்டை என் முன் வைத்தார். ஆள் காணாமல் போனால் எழுத வேண்டுமாம். நேரம், இடம், காரணம். "வழி தவறினது எண்டு எழுதிவிடுங்கோ, ரீச்சர். காணும்" என்றார்.

நான் எழுதினேன். அம்மா கதிரையில் இருந்து எட்டிப் பார்த்தார்.

"என்னா எழுதின?"

வாசித்தேன். காலையில் பலகையை வாசித்த குரல் வரவில்லை. "காரணம்: வழிக்குக் குழை முறிக்க வேண்டாம் என்று மகள் தடுத்தது."

காவலர் வெளியே போய்விட்டார். அம்மா கொஞ்ச நேரம் அந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், அதில் எந்த இடத்தில் நான் இருக்கிறேன் என்று தேடுகிறவரைப் போல.

"அத அடிச்சிடு. புள்ள மேல பழி வரும்."

"இருக்கட்டும் அம்மா."

"அடி எங்கிறேன்ல."

அன்று முழுவதும் அவர் என்னிடம் குரலை உயர்த்திய ஒரே தடவை அதுதான். அன்றும் அவர் சொன்னதை நான் கேட்கவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டேன். அம்மா கோபித்துக்கொண்டு, பஸ் வரும்வரை தோழியோடு மட்டும்தான் கதைத்தார்.